பென்ஷன் வரும் பின்னே, பேப்பர் வரும் முன்னே: ராணுவத்திலிருந்து ஓய்வு பெறுவோருக்குப் பெங்களூரிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

"கையில எவ்வளவுண்ணே வரும்?" என்பதுதான் முதல் கேள்வி. "எப்ப வரும்?" என்பது இரண்டாவது. அல்சூரில் என் வீட்டுத் திண்ணைக்கு வரும் தம்பிகள் இந்த இரண்டோடு எழுந்துவிடுவார்கள். "பி.பி.ஓ.வில் என் மனைவி பேர் எப்படி எழுதியிருக்கு?" என்று இதுவரை ஒருவர்கூடத் தானாகக் கேட்டதில்லை. பி.பி.ஓ. என்பது பென்ஷன் வழங்கச் சொல்லும் ஆணைத் தாள். நான் படையில் கிளார்க்காக இருந்து பென்ஷன் வந்தவன். பணம் எப்படியும் வந்துவிடும், பத்து நாள் முன்னே பின்னே ஆகலாம். பேர் தப்பாகப் போனால் அதற்காக அலையப் போவது நாம் போன பிறகு நம் வீட்டுப் பெண்தான். அதனால் பணத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் பெயரிலிருந்தே தொடங்குகிறேன்.

இங்கே எழுதுவது பெரும்பாலும் தரைப்படையின் ஜே.சி.ஓ. (நாயிப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை), ஓ.ஆர். (சிப்பாய் முதல் ஹவில்தார் வரை) பிரிவினருக்கு. அதிகாரிகளுக்கும் கடற்படை, விமானப்படைக்காரர்களுக்கும் படிவமும் அலுவலகமும் வேறு, ஆனால் போகும் பாதை கிட்டத்தட்ட இதுதான். அக்னிவீரர்களுக்கு நாலு வருடத்தில் பென்ஷன் கிடையாது, சேவா நிதி என்னும் மொத்தத் தொகைதான். அது தனிக் கதை.

இரண்டு வருடம் முன்பே: இனிஷியல் என்னும் கண்ணிவெடி

படையில் உங்கள் குடும்பம் என்பது பார்ட் டூ ஆர்டரில், அதாவது யூனிட் வெளியிடும் பணிப்பதிவு ஆணையில், ஏறியிருக்கும் குடும்பம்தான். கல்யாணம், பிள்ளைப்பேறு, எல்லாமே யூனிட்டில் சொல்லி, பார்ட் டூ வெளியாகி, படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கும் உங்கள் பணிப்பதிவேடான ஷீட் ரோலில் பதிய வேண்டும். பதிந்திருக்கிறது என்று எல்லோரும் நம்புகிறோம். என்ன எழுத்தில் பதிந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை.

வடக்கத்திக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு. நமக்கு இருப்பது இனிஷியல். கல்யாணத்துக்கு முன்பு எடுத்த ஆதாரில் அப்பா இனிஷியலோடு "கே. செல்வி", ரேஷன் கார்டில் கணவர் இனிஷியலோடு "எம். செல்வி", பார்ட் டூவில் வெறும் "செல்வி", பான் கார்டில் அப்பா பெயரை முழுக்க நீட்டி "செல்வி கருப்பையா". நான்கும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்னொரு வம்பு. லட்சுமி என்பதையே மூன்று விதமாக எழுதுகிறோம். பிறந்த தேதியும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் கிளார்க் கேட்டதும் குத்துமதிப்பாக ஒரு தேதி சொல்லியிருப்போம்.

முள்கம்பி வேலியைத் தகர்க்கும் 'பெங்களூர் டார்பிடோ'வை 1912ல் இதே ஊரில், மெட்ராஸ் சாப்பர்கள் என்னும் ராணுவப் பொறியாளர் படையில் இருந்த அதிகாரி ஒருவர்தான் உருவாக்கினார். இனிஷியலைத் தகர்க்க இன்னும் யாரும் எதுவும் கண்டுபிடிக்கவில்லை. கையால்தான் சரிசெய்ய வேண்டும். சரிசெய்யும் முறை இது.

ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது யூனிட் ஆபீஸில் உங்கள் பார்ட் டூ பதிவுகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் என ஒவ்வொருவரின் பெயரையும் பிறந்த தேதியையும் ஆதார், பான், வங்கிப் புத்தகம், பள்ளிச் சான்று இவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். முரண்பட்டால் எதை மாற்றுவது சுலபம் என்று யோசியுங்கள். என் அனுபவத்தில், பள்ளிச் சான்றோ பிறப்புச் சான்றோ இருந்தால் அதை அடிப்படையாக வைத்து ஆதாரையும் பார்ட் டூவையும் அதன்பக்கம் இழுப்பதே நல்லது. பார்ட் டூவைத் திருத்த விண்ணப்பம், முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் முன் எடுத்த பிரமாணப் பத்திரம், சான்றுகளின் நகல் வேண்டும். உங்கள் சொந்தப் பெயரையே மாற்றுவதென்றால் பத்திரிகை விளம்பரம், அரசிதழ் என்று இன்னும் நீளும். அதைக் கடைசி வருடத்துக்குத் தள்ளாதீர்கள்.

சர்வீஸில் இருக்கும்போது இதற்கு ஒரு விண்ணப்பமும் ஒரு நல்ல கிளார்க்கும் போதும். வெளியே வந்த பிறகு இதையே முன்னாள் படைவீரர் நலனைப் பார்க்கும் சைனிக் போர்டு வழியாக ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதி, அவர்கள் பிரயாக்ராஜில் உள்ள பென்ஷன் கணக்கு அலுவலகத்துக்கு எழுதி, திருத்திய பி.பி.ஓ. வருவதற்குள் பிள்ளை கல்லூரியே முடித்துவிடுவான். எங்கள் தெருவில் ஒரு அம்மா, கணவர் இறந்த பின் குடும்ப பென்ஷனுக்கு நடந்து செருப்பு தேய்ந்தார். ஒரே ஒரு எழுத்து, அதுவும் ஆங்கில 'எச்'. கணவர் பணியில் இருந்தபோது ஒரு மதியப் பொழுதில் முடிந்திருக்கும் வேலை.

நாமினேஷனையும் அதே சூட்டில் பாருங்கள். சேர்ந்த புதிதில் அம்மா பெயரைக் கொடுத்திருப்போம். ராணுவக் குழுக் காப்பீடு, பிராவிடன்ட் ஃபண்ட், வங்கிக் கணக்கு, பென்ஷன் நிலுவை ஒவ்வொன்றுக்கும் தனி நாமினேஷன். அம்மா பெயரே இருக்கட்டும் என்றால் இருக்கட்டும். ஆனால் தெரிந்து வையுங்கள், மறந்து வைக்காதீர்கள்.

எந்த வழியில் வெளியே வருகிறீர்கள்

ராணுவ விதி 13(3) என்ற அட்டவணைதான் இதைச் சொல்கிறது. ஒப்பந்தக் காலம் முடிந்து வருவது, சொந்த விருப்பத்தில் வருவது, உடல்நலக் குறைவால் அனுப்பப்படுவது என மூன்று பெரிய வாசல்கள். சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரை பென்ஷனுக்கு 15 வருடத் தகுதிச் சேவை வேண்டும். அதிகாரிகளுக்கு 20. பதினாலரை வருடத்தில் கம்பெனி கமாண்டரோடு கோபித்துக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோபம் ஒரு மாதத்தில் போனது, பென்ஷன் ஆயுளுக்கும் போனது.

மெடிக்கல்: கையெழுத்துக்கு முன் படியுங்கள்

வெளியே வரும் ஒவ்வொருவருக்கும் ரிலீஸ் மெடிக்கல் உண்டு. முழு ஆரோக்கியமாக இருப்பவருக்கு அது ஒரு சடங்கு. உடல்தகுதி குறைந்து கீழ் மருத்துவ வகையில் இருப்பவருக்கு ரிலீஸ் மெடிக்கல் போர்டு கூடும். அங்கே இரண்டு விஷயம் தீர்மானமாகிறது. ஒன்று, நோயோ காயமோ பணியால் வந்ததா, பணியால் அதிகமானதா, இரண்டும் இல்லையா. மற்றொன்று, உடல் குறைபாடு எத்தனை சதவீதம். 20 சதவீதத்துக்குக் கீழே போனால் அதற்கான கூடுதல் தொகைக்கு வழி அடைபடும். 2023 செப்டம்பர் 21 முதல் இதற்குப் புதிய தகுதி விதிகள் நடைமுறையில் உள்ளன. அதனால் முன்பே ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் "எனக்கு இப்படித்தான் கிடைச்சது" என்று சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

பல வருடம் முன்பு விழுந்து முழங்கால் போயிருக்கும். அன்று போட்ட காய அறிக்கை, ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 படிவம், விசாரணை நடந்திருந்தால் அதன் தாள், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சுருக்கம், இவை எல்லாவற்றின் நகலும் உங்கள் கையில் இருக்க வேண்டும். யூனிட்டில் இருக்கும் என்று நம்பி விடாதீர்கள். போர்டு நடவடிக்கையின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். தீர்ப்பு பிடிக்கவில்லையென்றால் முதல் மேல்முறையீடு ஆறு மாதத்துக்குள். அதற்கும் மேலே போவதென்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். கர்நாடகத்தில் வசிப்பவருக்கு அது கொச்சி அமர்வு, தமிழ்நாட்டுக்காரருக்குச் சென்னை அமர்வு. எனவே வீட்டு முகவரி எந்த மாநிலத்தில் என்பதற்கு இங்கேயும் கனம் உண்டு.

இப்போது அந்த முதல் கேள்வி: எவ்வளவு வரும்

கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம், ராணுவச் சேவை ஊதியம், தொழில்நுட்பப் பிரிவினருக்கான எக்ஸ் குரூப் ஊதியம் இருந்தால் அதுவும், தொழில் தேர்ச்சிக்குக் கிடைக்கும் வகைப்பாட்டுப் படித்தொகை, இவற்றைக் கூட்டிப் பாதி. அதுதான் பென்ஷன். ஒரு ஹவில்தாரை எடுத்துக்கொள்வோம். 26 வருட சேவை, அடிப்படை 44,900, ராணுவச் சேவை ஊதியம் 5,200, மொத்தம் 50,100. சிறு படிகளை விட்டுவிட்டால் பென்ஷன் மாதம் 25,050, அதன் மேல் அகவிலை நிவாரணம்.

கிராஜுவிட்டி ஒவ்வொரு அரை வருடத்துக்கும் ஊதியத்தில் கால் பங்கு, அதிகபட்சம் பதினாறரை மடங்கு. இவருக்கு 52 அரை வருடம், ஆக 13 மடங்கு. இந்தக் கணக்கில் மட்டும் ஊதியத்தோடு அகவிலைப்படியும் சேரும். எடுக்காத லீவுக்கு 300 நாள் வரை காசு. பிராவிடன்ட் ஃபண்ட் பாக்கி, குழுக் காப்பீட்டின் முதிர்வுத் தொகை தனி.

எல்லோரும் தடுமாறும் இடம் கம்யூட்டேஷன். பென்ஷனில் பாதி வரை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். சிவிலியன்களுக்கு 40 சதவீதம்தான், நமக்கு 50. நம் ஹவில்தார் பாதியை, அதாவது 12,525 ரூபாயை விட்டுக்கொடுக்கிறார். அதை 12 ஆல் பெருக்கி, வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். நாற்பத்தைந்தை ஒட்டிய வயதில் அது ஏறக்குறைய 9. ஆக சுமார் 13.5 லட்சம் கையில். பதிலுக்கு 15 வருடம் மாதாமாதம் 12,525 பிடிபடும், கூட்டினால் 22.5 லட்சம். "ஐயோ, ஒன்பது லட்சம் நட்டமா" என்று பதறுகிறார்கள். கடன் என்று வைத்துப் பார்த்தால் வட்டி ஏழரை சதவீதம் அளவில் வருகிறது. வரி இல்லை. நடுவில் நாம் போய்விட்டால் பாக்கியைக் குடும்பத்திடம் பிடிப்பதில்லை, குடும்ப பென்ஷனும் குறையாது. அகவிலை நிவாரணமும் குறைத்த பென்ஷனுக்கு அல்ல, முழு 25,050க்கே கிடைக்கும். இத்தனை நல்ல நிபந்தனையில் எந்த வங்கியும் கடன் தராது என்பது என் கட்சி. வீட்டுக் கடன் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். ஒயிட்ஃபீல்டு பக்கம் யாரோ மச்சான் காட்டும், முறையான மனை அனுமதி இல்லாத ரெவின்யூ சைட்டில் போடுவதற்கென்றால் எடுக்காமல் இருப்பதே மேல். வெளிவந்து ஒரு வருடத்துக்குள் கேட்டால் மருத்துவச் சோதனை தேவையில்லை, அதற்குப் பிறகு தேவை.

குடும்ப பென்ஷன் சாதாரண விகிதம் 30 சதவீதம், நம் ஹவில்தார் வீட்டில் மாதம் 15,030. ஓய்வுக்குப் பின் இறந்தால் முதல் ஏழு வருடம் அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கக்கூடிய நாள், எது முந்துகிறதோ அதுவரை 50 சதவீதம்.

கடைசி மாதங்களும் சென்டரும்

சாப்பர் தம்பிகள் எந்த மூலையில் வேலை பார்த்தாலும் கடைசியில் படையிலிருந்து விடுவிக்கும் நடைமுறையான டிஸ்சார்ஜ் டிரில்லுக்குத் தங்கள் படைப்பிரிவின் தலைமை இடமான பெங்களூர் சென்டருக்கே வருவார்கள். 1780ல் தொடங்கிய படைப்பிரிவு, ரெக்கார்ட் ஆபீஸும் சம்பளக் கணக்கு அலுவலகமும் இதே ஊரில். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு வெலிங்டன். உங்கள் சென்டர் எதுவோ அங்கே போகும் முன் யூனிட்டில் முடிக்க வேண்டியது, பாக்கி எதுவும் இல்லை என்னும் நோ டிமாண்ட் சான்றுகள். குவார்ட்டர் மாஸ்டர் ஸ்டோர், கேன்டீன், மெஸ், குவார்ட்டர்ஸ் மின்கட்டணம் என்று ஒவ்வொன்றாக. கடன் தவணை பாக்கி இருந்தால் அதற்கும் எழுத்து மூலம் பதில். சம்பளச் சீட்டில் பிடித்தம் தவறாக இருந்தால் இங்கேயே முறையிடுங்கள், கடைசிக் கணக்கு முடிப்பில் அது பெரிய தொகையாக விடியும்.

சென்டரில் உங்கள் கையில் வரும் தாள்களில் டிஸ்சார்ஜ் புத்தகம்தான் உயிர். வாங்கிய இடத்திலேயே நின்று ஒவ்வொரு பக்கமும் படியுங்கள். சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, வெளியேறிய காரணம், நடத்தை, மருத்துவ வகை, டிரேட், பதக்கங்கள், குடும்ப விவரம். பின்னால் வரிசை தள்ளும், "சீக்கிரம் சார்" என்பார்கள். தள்ளட்டும். பிறகு லேமினேஷன் செய்யாதீர்கள். ஸ்கேன் செய்து மனைவியின் போனிலும் பிள்ளையின் மெயிலிலும் போட்டு வையுங்கள்.

குடியேறப் போகும் ஊருக்குச் சாமான் கொண்டுபோக பயணப்படியும், மாற்றல் மானியமாக அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதமும் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும். லாரி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஸ்பர்ஷ்

முன்பெல்லாம் பி.பி.ஓ. தபாலில் வந்து, வங்கி பென்ஷன் போடும். இப்போது ஸ்பர்ஷ் என்ற இணைய ஏற்பாட்டில் பிரயாக்ராஜின் பென்ஷன் கணக்கு அலுவலகமே (பி.சி.டி.ஏ. பென்ஷன்ஸ்) நேராக உங்கள் கணக்கில் செலுத்துகிறது. வங்கி மேனேஜரிடம் போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை, பாவம் அவருக்கு ஒன்றும் தெரியாது.

பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போனுக்கு வரும். ஜம்முவில் போஸ்டிங் இருந்தபோது வாங்கிய பிரீபெய்டு சிம் எண்ணைக் கொடுத்துவிட்டுப் பெங்களூர் வந்து இறங்குவார்கள். அந்த பிரீபெய்டு சிம் இங்கே வேலை செய்யாது, ஓ.டி.பி.யும் வராது. ஆறு மாதம் முன்பே நிரந்தரமாக வைத்திருக்கப்போகும் ஓர் எண்ணை ஆதார், வங்கி, ரெக்கார்ட் ஆபீஸ் மூன்றிலும் ஏற்றிவிடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் பி.பி.ஓ.வை இறக்கி முதலில் மனைவி பெயரையும் பிறந்த தேதியையும் பாருங்கள். அப்புறம் தொகை. தப்பு இருந்தால் அங்கேயே திருத்தக் கோரிக்கை போடலாம். கணினி ஒத்துவராதவர்கள் பொதுச் சேவை மையத்திலோ ஸ்பர்ஷ் சேவை தரும் வங்கிக் கிளையிலோ செய்துகொள்ளலாம். வங்கிக் கணக்கு மனைவியோடு கூட்டாக, இருவரில் ஒருவர் இயக்கும்படி இருப்பது நல்லது.

பெங்களூரில் இறங்கிய பிறகு

ரெசிடென்சி ரோட்டுக்கு இப்போது ஃபீல்டு மார்ஷல் கரியப்பா ரோடு என்று பெயர். மாநில சைனிக் நலத் துறையின் கரியப்பா பவன் அங்கேதான். பென்ஷன் வந்த முதல் மாதத்திலேயே மாவட்ட சைனிக் நல அலுவலகத்தில் பதிந்து முன்னாள் படைவீரர் அடையாள அட்டை வாங்குங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம் அசல், பி.பி.ஓ., ஆதார், முகவரிச் சான்று, போட்டோ போதும். கன்னடம் வராதே என்று தயங்க வேண்டாம். அங்கே இருப்பவர்களில் பலர் நம்மைப் போல உடுப்பு போட்டவர்கள், நம்முடைய உடைந்த இந்தியே ஓடும்.

ஆனால் பதியும் முன் வீட்டில் உட்கார்ந்து ஒரு முடிவெடுங்கள். கர்நாடகமா, தமிழ்நாடா? இரண்டு மாநிலத்திலும் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்வி இடங்களில் தனிப் பிரிவு உண்டு. பல சலுகைகளில், இன்று எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதோடு, படையில் சேர்ந்தபோது எழுதிக்கொடுத்த சொந்த ஊர் எது என்றும் பார்ப்பார்கள். வேலூர் மாவட்டத்தை எழுதிக்கொடுத்து சேர்ந்தவர், பிள்ளை பெங்களூரிலேயே பிறந்து படித்தாலும், இங்கத்திய ஒதுக்கீட்டில் சிக்கலைச் சந்திக்கலாம். பத்தாவது முடிக்கும் பிள்ளை இருந்தால் இரு மாநில விதியையும் கேட்டறிந்த பிறகே பதியுங்கள். பின்னால் மாற்றுவதென்றால் பதிவை ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம், முடியாததல்ல. பிரதமர் உதவித்தொகைக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அது மத்திய சைனிக் போர்டு தருவது. முதல் தொழிற்படிப்பாக இருக்க வேண்டும், பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும். பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500.

மருத்துவத்துக்கு இ.சி.எச்.எஸ். என்னும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம், 2003ல் தொடங்கியது. வெளியே வரும்போதே ஒருமுறைச் சந்தா பிடித்துவிடுவார்கள், ஹவில்தார் வரை 30,000, ஜே.சி.ஓ.வுக்கு 67,000. கார்டுக்கு ஆன்லைனில் விண்ணப்பியுங்கள். கார்டு வரும்வரை தற்காலிகச் சீட்டு செல்லும். இத்திட்டத்தின் மருத்துவமனையான பாலிகிளினிக்கில் பார்த்து, தேவையென்றால் ஓல்டு ஏர்போர்ட் ரோட்டில் உள்ள விமானப்படை கமாண்ட் ஆஸ்பத்திரிக்கோ, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிக்கோ எழுதித் தருவார்கள். நடு இரவில் நெஞ்சுவலி என்றால் பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே ஓடுங்கள். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியானால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும். இதை மனைவிக்குச் சொல்லி வையுங்கள், அந்த நேரத்தில் போன் பேசப்போவது நீங்கள் அல்ல. ஊரிலிருக்கும் அம்மா அப்பாவையும் சேர்க்கலாம், அவர்கள் வருமானம் மாதம் 9,000மும் அதற்கான அகவிலையும் தாண்டாதவரை.

கேன்டீன் கார்டு பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதை யாரும் மறந்ததாகச் சரித்திரமில்லை.

வேலை

பென்ஷனை மட்டும் நம்பிப் பெங்களூர் வாடகை கொடுக்க முடியாது. கடைசி ஒரு வருடத்திலேயே அரசு வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம், யூனிட்டில் தடையில்லாச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். மத்திய அரசுத் துறைகளில் குரூப் சி பணிக்கு 10 சதவீதம், பொதுத்துறை நிறுவனம், வங்கிகளில் 14.5 சதவீதம் நமக்கு ஒதுக்கீடு. பத்தாவது தேறி 15 வருடம் சேவை செய்தவர், தொழில்நுட்ப அனுபவம் கட்டாயமில்லாத குரூப் சி பணிகளில் பட்டதாரிக்குச் சமமாக எடுத்துக்கொள்ளப்படுவார். அதற்கான சான்றை டிஸ்சார்ஜோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். ஓய்வுக்கு முன் மறுவாழ்வு இயக்ககம் நடத்தும் பயிற்சிகளில் ஒன்றைப் பிடியுங்கள். செக்யூரிட்டி வேலைக்குத்தான் போகப்போகிறீர்கள் என்றாலும், வாசலில் நிற்பவருக்கும் மேற்பார்வையாளருக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் ஒரு சான்றிதழ்தான்.

வருடத்துக்கு ஒருமுறை

வாழ்வுச் சான்று கொடுக்காவிட்டால் பென்ஷன் நிற்கும். போனிலேயே முகத்தைக் காட்டி ஜீவன் பிரமாண் என்னும் டிஜிட்டல் வாழ்வுச் சான்று எடுக்கலாம். அதில் பென்ஷன் வழங்கும் முகமை எது என்று கேட்கும் இடத்தில் பழக்கதோஷத்தில் வங்கிப் பெயரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். சான்று எங்கோ போய்விழும். ஸ்பர்ஷ், பி.சி.டி.ஏ. பென்ஷன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதல் முறை எடுக்கும்போது மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் கையாலேயே எல்லாப் பொத்தானையும் அழுத்தச் சொல்லுங்கள்.